பக்கத்து வீட்டுக்கு ஒரு ஒயர்

1

இன்று காலை எழுந்ததும் கைபேசியில் ஒரு வாழ்த்து வந்து கிடந்தது. பலூன் படமும் கேக் படமும் போட்டு, 'உங்கள் பேட்டரிக்கு இன்று ஒரு வயது நிறைகிறது' என்று எழுதியிருந்தது. போன மாதம் என் பிறந்தநாளைக் கணவரும் மகளும் மறந்துவிட்டு, மறுநாள் பேந்தப் பேந்த விழித்தார்கள். பேட்டரிக்கு ஞாபகமாக வாழ்த்துச் சொல்ல ஒரு கம்பெனியே இருக்கிறது. கொடுத்து வைத்த பேட்டரி.

அந்தப் பேட்டரி நான் இருக்கும் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இல்லை. தென்காசிப் பக்கம் கீழப்பாவூரில், எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில், காக்கி உடுப்போடு அப்பா நிற்கும் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறது. மொட்டை மாடியில் சோலார் பேனல், மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர், சுவரில் இந்த லித்தியம் பேட்டரி. ஊரில் யாரும் இதை அந்தப் பெயரில் சொல்வதில்லை. 'கோமதியம்மா வீட்டுப் பொட்டி' என்றுதான் சொல்கிறார்கள்.

கோமதியம்மா என் அம்மா. அவளுடைய நுரையீரல் சில வருடங்களாகவே சரியில்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷினைத் திருநெல்வேலி டாக்டர் எழுதிக் கொடுத்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் அது உறுமிக்கொண்டே இருக்கும். மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலுக்கும் அடுக்களைக்கும் நடமாடுவாள். மூச்சு வாங்க ஆரம்பித்ததும் திரும்பி வந்து மாட்டிக்கொள்வாள். மெஷின் ஓடினால் அம்மா நன்றாக இருப்பாள். மெஷின் ஓட கரண்ட் வேண்டும். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு, ஆனால் அது வெகு நேரம் தாங்காது.

அப்பா இல்லை. அண்ணன் சண்முகவேல் போலீஸில் ஏட்டு. வேலை காரணமாகத் தென்காசியில் குடும்பத்தோடு இருக்கிறான். 'எங்ககூட வந்து இரு' என்று அவனும் அண்ணியும் எத்தனையோ முறை கூப்பிட்டாயிற்று. அம்மா தன் தெருவை விட்டு வர மாட்டாள். இங்கே அடிலெய்டுக்குக் கூப்பிட்டபோது ஒரே கேள்விதான் கேட்டாள். "அங்கன உன் பக்கத்து வீட்டுக்காரி பேரு என்னட்டி?" எனக்குத் தெரியவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

2

நான் இங்கே பார்க்கும் வேலையைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

இந்த ஊரில் காற்றாலையும் கூரைச் சோலாரும் ஏராளம். மத்தியானம் வெயில் ஏறினால் வேண்டிய அளவுக்கு மேல் மின்சாரம் வந்து குவியும். சாயங்காலம் எல்லாரும் வீட்டுக்கு வந்து ஏசியைப் போட்டு, அடுப்பைப் போட்டு, காரையும் சார்ஜில் மாட்டும் நேரத்தில் வெயில் போயிருக்கும். மத்தியானத்து மிச்சத்தைச் சாயங்காலத்துக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் அலுவலகத்தின் பிழைப்பு. புதிதாக ஒரு மின் நிலையம் கட்டுவதற்குப் பதிலாக, ஏகப்பட்ட வீடுகளில் இருக்கும் சின்னப் பேட்டரிகளை இணையத்தில் ஒன்றாகக் கோத்து, ஒரே மின் நிலையம் போல நடத்துகிறோம். தேவை ஏறும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஊருக்குக் கொடுப்போம். அதற்கு வீட்டுக்காரர்களோடு ஒப்பந்தம் உண்டு, சலுகை உண்டு. 'இன்று என் பேட்டரியைத் தொடாதே' என்று சொல்ல அவர்கள் கையில் ஒரு பொத்தானும் உண்டு. வெயில் கொளுத்தும் நாளில்தான் எங்களுக்கு அந்தப் பேட்டரிகள் மிகவும் தேவை. அந்த நாளில்தான் அந்தப் பொத்தானை எல்லாரும் அமுக்குவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கட்டுப்பாட்டு அறையில் ஒருநாள், ஊர்ப் பழக்கத்தில், "கரண்ட் போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் அப்படியே சொல்லிவிட்டேன். என் மேலாளர் டேவிட், நல்ல மனுஷன், ரொம்ப அக்கறையாக "எந்தக் கரண்ட்? எவ்வளவு ஆம்பியர்?" என்று கேட்டார். இங்கே போவதும் வருவதும் பவர்தான், கரண்ட் இல்லை. நானும் பவர் என்று சொல்லப் பழகிவிட்டேன். பயம் வந்தால் மட்டும் அது கரண்ட் ஆகிவிடுகிறது.

ஊரும் சும்மா இல்லை. நான் காலேஜுக்குப் போன காலத்தில் எங்கள் தெருவில் கிரைண்டர் இருக்கும் வீடு பெரிய வீடு. இப்போது ஏசி இல்லாத வீடு குறைவு. இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், வாசலில் ராத்திரி முழுக்கச் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர். குற்றாலத்துக்குச் சாரலில் நனைய வருகிற ஆட்கள் நனைந்து நடுங்கிக்கொண்டே போய் லாட்ஜில் ஏசி ரூம் கேட்கிறார்கள் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பான். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றுதான் குற்றாலத்தில் சாரலைத் தெளிக்கிறது. அதே காற்றுதான் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. அதே காற்றுதான் எங்கள் தெருவுக்கு வரும் கம்பியின் மேல் முருங்கைக் கிளையை ஒடித்துப் போடுகிறது. கரண்ட் பிறக்கிற ஊரில் கரண்ட் போவது இப்படித்தான்.

3

இங்கே ஒரு வீட்டில் மூச்சுக்கான மெஷின் இருந்தால், டாக்டர் கையெழுத்தோடு மின் கம்பெனியில் பதிவு செய்துகொள்ளலாம். முன்கூட்டிச் சொல்லாமல் அந்த வீட்டுக்குப் பவரை நிறுத்தக்கூடாது. எங்கள் திரையில் அப்படிப்பட்ட வீடுகளுக்குச் சிவப்புப் புள்ளி இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா வீட்டுக்கும் ஒரு புள்ளி வைத்துவிட முடிந்தால் என்று தோன்றும். அண்ணனை நச்சரித்து, அதே போலப் பதிவு செய்ய முடியுமா என்று கரண்ட் ஆபீஸில் கேட்டு வரச் சொன்னேன்.

அங்கே இருந்தவர் அண்ணனை உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏட்டையா, லைன் போனா தெருவுக்கே சேர்த்துல்லா போகுது. உங்க அம்மா வீட்டுக்கு மட்டும் எப்படி விட?" என்று கேட்டிருக்கிறார். அதிலும் நியாயம் இருந்தது. "ஒண்ணு செய்ங்க, சோலாரு போட்டு ஒரு பேட்டரி வச்சுக்கிடுங்க. நானே எழுதித் தாரேன்" என்றாராம். மனுப் போட்டு, மீட்டரை மாற்றி, மாடியை வந்து பார்த்து, போன ஆனி மாதம் ஒருவழியாகப் பொட்டி சுவருக்கு வந்தது.

பெண் பார்க்க வருவது போலத் தெருவே வந்து பார்த்தது. அம்மா பேட்டரிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பத்தைச் சுற்றிவிட்டாள். மாட்ட வந்த தென்காசிக்காரர் பதறிப்போய், "ஆச்சி, காத்துப் போற ஓட்டையில பூவைச் சொருகாதிய, சூடாயிரும்" என்று கெஞ்சியிருக்கிறார். பூ இறங்கியது. குங்குமம் இன்னும் இருக்கிறது.

பொட்டிக்குள்ளேயே ஒரு சிம் கார்டு உண்டு; அதோடு பேச என் கைபேசியில் ஒரு செயலியைப் போட்டுக்கொண்டேன். பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு எண் காட்டும், எவ்வளவு செலவாகிறது என்று ஒரு கோடு ஓடும். அம்மாவின் மெஷின் இழுப்பது கொஞ்சம்தான், ஆனால் விடாமல் இழுக்கும். அதனால் கோடு மேடு பள்ளம் இல்லாமல் நேராகப் போகும். பஸ்ஸில், டீ இடைவேளையில், கூட்டத்துக்கு நடுவில் மேஜைக்கடியில் வைத்துக்கூட அதைப் பார்ப்பேன். கோடு நேராக இருந்தால் அம்மா மூச்சு விடுகிறாள் என்று அர்த்தம். அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

4

அந்த நிம்மதி ஆடி மாதம் வரைக்கும் இருந்தது.

மாதாந்திரப் பராமரிப்புக்காக ஊரில் பகலில் கரண்ட் நிறுத்தும் நாள். நான் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். செயலியைத் திறந்தால், கோடு குரங்கு மாதிரி குதித்துக்கொண்டிருந்தது. மெஷின் கெட்டுவிட்டதோ? அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் பாவூர்சத்திரம் பக்கம் ஒரு வேலையாக வந்தவன், வண்டியைத் திருப்பி வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

"மெஷினு நல்லாத்தான் ஓடுது. ஆனா வீட்டுல இருந்து ஒரு ஒயரு காம்பவுண்டுச் சுவரு ஏறிச் செல்லத்தாயி வீட்டுக்குப் போகுது. இன்னொண்ணு ரோட்டைத் தாண்டி மைக்செட்டு கணேசன் வீட்டுக்குப் போகுது. போலீஸ்காரன் வீட்டுலயே கொக்கி போட்ட மாதிரி இருக்குட்டி."

இது எங்கள் தெருவுக்குப் புதிதில்லை. மூன்று ஃபேஸில் ஒரு ஃபேஸ் போனால், அந்த ஃபேஸில் இருக்கும் வீடுகள் மட்டும் இருண்டு கிடக்கும். பக்கத்து வீட்டில் வெளிச்சம் இருக்கும். உடனே வெளிச்சம் இருக்கிற வீட்டிலிருந்து இருட்டு வீட்டுக்கு ஒரு ஒயரை நீட்டுவார்கள். கேட்டு வாங்குவதில்லை, கேட்பதற்கு முன்பே ஒயர் வந்துவிடும். கல்யாண வீட்டுக்கும் ஒயர், சாவு வீட்டுக்கும் ஒயர். சட்டப்படி தப்பு, ஆபத்தும்கூட. ஆனாலும் எல்லார் வீட்டுப் பரணிலும் இதற்கென்றே ஒரு நீள ஒயர் சுருண்டு கிடக்கும்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, அது உன் மூச்சுக்கு வாங்கினது."

"மூச்சுக்குப் போவத்தான் மிச்சத்தைக் குடுக்கேன்."

"மிச்சம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டியில பச்சை லைட்டு எரியுதுல்லா. மஞ்சளாச்சுன்னா நான் ஒரு சத்தம் குடுப்பேன். எல்லாரும் அணைச்சிருவாவ."

"யாராவது அணைக்க மறந்துட்டா?"

"மறக்க மாட்டாவ. நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு."

செல்லத்தாய் அக்கா பக்கத்து வீடு. அம்மாவுக்கு இட்லி மாவும் துணையும் அவள்தான். கணேசன் எதிர் வீடு. சுவாதி நட்சத்திரத்துக்கு நரசிம்மர் கோயில் கூட்டத்தில் மைக் கட்டுவதிலிருந்து, சுற்றுப்பட்டு ஊர்க் கோயில் கொடைத் திருவிழாக்கள் வரை அவனுடைய ஸ்பீக்கரும் ஜெனரேட்டரும்தான் அலறும். இரண்டு பேரும் தங்கமானவர்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் தங்கமானவர்களின் கிரைண்டரும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது.

செயலியில் அம்மாவின் மெஷினுக்கு ஒரு லைன், மற்றதுக்கெல்லாம் இன்னொரு லைன். இரண்டாவதை நிறுத்த ஒரு பொத்தான் உண்டு. எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அமுக்கிவிட்டேன். கோடு அடங்கி நேராகப் படுத்துக்கொண்டது.

என் நிறுத்தம் வருவதற்குள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது.

"ஏட்டி செல்வி, அங்கன இருந்துக்கிட்டு எங்க வீட்டு ஃபேனை நிறுத்துதியா? செல்லத்தாயிக்கு மாவு பாதியில நிக்கி. அரிசி அரைஞ்சும் அரையாமலும் கிடக்கு. உன்ன யாருட்டி எங்க தெருவுக்கு ஸ்விட்சு போடச் சொன்னா?"

"நீ மூச்சு விடணும்மா."

"பக்கத்து வீட்டுல பிள்ளைய புழுக்கத்துல வெந்து கிடக்க, நான் மட்டும் பொட்டியக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு மூச்சு விடணுமாக்கும்? எனக்கு வேண்டாம் அந்த மூச்சு."

வைத்துவிட்டாள். நான் லைனைத் திரும்பப் போட்டுவிட்டேன். ஆனாலும் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை. அண்ணனிடம் மட்டும், "உன் தங்கச்சி ஆஸ்திரேலியாவுல இருந்து கரண்ட் கட்டு பண்ணுதா" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

5

சமாதானம் செய்து வைத்தது என் மகள் தாரணி.

தாரணி பிறந்தது இங்கே. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். சின்ன வயதில் ஆச்சி போன் என்றால் ஓடி வருவாள். இந்த இரண்டு வருடங்களாகக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். கூப்பிட்டால் காதில் மாட்டியதை ஒரு பக்கம் மட்டும் கழற்றுவாள். மறு பக்கம் யாருக்காகவோ மாட்டியபடி இருக்கும். அவள் என்னை விட்டு விலகிப் போகிறாள் என்று எனக்குத் தெரிகிறது. நான் அம்மாவை விட்டு வந்த தூரத்தை வைத்துப் பார்த்தால் கேட்க எனக்கு வாயில்லை.

நான் அடுக்களையில் அண்ணனிடம் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு வந்தாள். என் கைபேசியை வாங்கி அந்தக் கோட்டைப் பார்த்தாள். பிறகு ரொம்ப சாதாரணமாக, "அம்மா, இதுதானே உன் வேலை? எல்லாரும் பேட்டரியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கணும்னு நீதானே கெஞ்சுறே? ஆச்சி சும்மாவே கொடுக்குறாங்க" என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அலுவலகத்தில் நான் பேச வேண்டியிருந்த தலைப்பே, மக்களை எப்படிப் பகிர வைப்பது என்பதுதான்.

அவளே ஆச்சியைக் கூப்பிட்டாள். பேட்டரி பாதிக்குக் கீழே போனால் வெளி லைன் தானாக நின்றுவிடும்படி செயலியிலேயே வைத்துவிடலாம், அதற்கு மேல் யாரும் எதுவும் நிறுத்த மாட்டார்கள் என்று, தனக்குத் தெரிந்த தமிழில் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். நான் சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருக்க மாட்டாள். பேத்தி சொன்னதும், "நீ சொன்னா சரித்தாம்மா. உங்க அம்மா கையில மட்டும் அந்தப் பொத்தானைக் குடுக்காத" என்றாள்.

அதன் பிறகு எனக்கும் அந்தக் குதிக்கும் கோடு பழகிவிட்டது. மேகம் விலகி வெயில் அடித்துப் பொட்டி நிறைந்ததும், "ஏ செல்லத்தாயி, பச்சை! ஆட்டணும்னா இப்பவே ஆட்டிக்கோ" என்று அம்மா சுவர்மேல் குரல் கொடுப்பாள். கோடு எழும்பும். "மஞ்சளாயிட்டு!" என்பாள். கோடு படுக்கும். இதைச் செய்ய எங்களுக்கு ஒரு தளம் முழுக்க ஆட்களும் கணினிகளும் தேவைப்படுகின்றன.

6

கார்த்திகை மாதம். குற்றாலத்தில் ஐயப்பமார் கூட்டம். அண்ணனுக்கு ஐந்தருவியில் பந்தோபஸ்து. மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இங்கே அடிலெய்டில் அன்று நெருப்பாய் எரிந்தது. வேலைக்குப் போனதுமே தெரிந்தது, சாயங்காலம் பெரும்பாடு படப்போகிறோம் என்று. ஏசிகள் காலையிலேயே ஓட ஆரம்பித்திருந்தன. 'என் பேட்டரியைத் தொடாதே' என்று ஒவ்வொரு வீடாகப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் கைபேசியில் அம்மா வீட்டைப் பார்த்தேன். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அங்கே கரண்ட் இல்லை. வெளியே மழை, சோலாரில் ஒன்றும் ஏறாது. பேட்டரி பாதிக்கும் கீழே வெகு தூரம் இறங்கியிருந்தது. வெளி லைன்தான் இவ்வளவையும் குடித்துவிட்டது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பழைய கோட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன்.

கோடு நேராக இருந்தது. கரண்ட் போன கொஞ்ச நேரத்திலிருந்து ஒரு மேடுகூட இல்லை. பாதிக்குக் கீழே போன பிறகு லைன் தானாக நின்றிருக்கும், சரி. ஆனால் நிறைந்து பச்சையாக இருந்தபோதே, யாரும் நிறுத்தாதபோதே, இரண்டு வீட்டிலும் ஒரு விளக்குகூட எரியவில்லை. இரவு முழுக்க அம்மாவின் மெஷின் மட்டும்தான் ஓடியிருக்கிறது. எனக்குப் புரியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. செல்லத்தாய் அக்கா போன், அணைந்திருந்தது. கணேசன் போன், அதுவும். அண்ணன் எடுத்தான். பின்னால் அருவி இரைச்சலில் கத்தினான்.

"கல்லூரணி பக்கம் மரம் விழுந்து மூணு நாலு போஸ்டு சாஞ்சிட்டாம். கரண்டு வர சாயங்காலம் ஆகும்னு சொல்லுதாவ. இங்கன அருவியில வெள்ளம், ஆள விட மாட்டேங்காவ. இலஞ்சி பக்கம் ரோட்டு மேல தண்ணி போகுது. எப்படியாவது கிளம்புதேன், நீ பயப்படாத."

பயப்படாதே என்று சொன்னால் யார்தான் பயப்படாமல் இருக்கிறார்கள். சாயங்காலம் வரை பேட்டரியும் சிலிண்டரும் சேர்ந்தால்கூடத் தாங்காது. கணக்குப் போடத் தெரியாதவளாக இருந்திருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். ஒரு பெரிய நகரத்துக்கே சாயங்காலத்தைக் கடத்திக் கொடுக்கிற அறையில் உட்கார்ந்துகொண்டு, கீழப்பாவூரில் ஒரே ஒரு அறைக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. பேட்டரி அளவு இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செயலி சிவப்பில் எச்சரிக்கை காட்டியது. டேவிட் ஏதோ கேட்டார், காதில் விழவில்லை.

அப்புறம் அது நின்றது. இறங்குவது நின்று, மெதுவாக ஏற ஆரம்பித்தது. 'வெளி மின்சாரம் இணைந்தது' என்று செயலி சொன்னது.

"கரண்ட் வந்துட்டு!" என்று நான் தமிழில் கத்திவிட்டேன். அறையே திரும்பிப் பார்த்தது.

அண்ணனைக் கூப்பிட்டேன். வண்டியில் வந்துகொண்டிருந்தான்.

"எங்கன வந்துது? தென்காசியில இருந்து வாரேன், வழி பூரா ஒரு லைட்டு இல்லை. போஸ்டையே இன்னும் தூக்கலையே."

அப்படியானால் செயலிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. அது காட்டுவது எதுவும் உண்மையில்லை. மெஷின் எப்போதோ நின்றிருக்கலாம். நான் எழுந்து நின்றுவிட்டேன். டேவிட் வந்து தோளைத் தொட்டு ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த நேரம் எவ்வளவு என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அண்ணன் வீடியோவில் கூப்பிட்டான். முதலில் கைபேசியை வாசல் பக்கம் திருப்பினான். எங்கள் வீட்டு கேட்டுக்கு உள்ளே கணேசனின் ஜெனரேட்டர் புகை விட்டுக்கொண்டு ஓடியது; அதிலிருந்து ஒரு ஒயர் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இன்வெர்ட்டருக்குப் போனது. கொடையில் ஸ்பீக்கரை ஓட்டும் அந்தப் பழைய ஜெனரேட்டர். அதற்கு மேல் பந்தல் தார்ப்பாய். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கணேசன், தலையில் துண்டோடு, டீசல் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பண்பொழியில ஒரு விசேஷ வீட்டுல நின்னுச்சு, ஏட்டையா. ரோட்டுல தண்ணி, விடிஞ்சுதான் கொண்டாற முடிஞ்சுது. மன்னிச்சுக்கிடுங்க" என்றான். மன்னிப்பா? நான் இங்கே அழுதுகொண்டிருந்தேன்.

அண்ணன் உள்ளே போனான். அம்மா கட்டிலில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். நல்ல கோபத்தில் இருந்தாள்.

"இங்க பாருட்டி, இந்த அநியாயத்தை. நேத்து கரண்டு போனதும் நான் ஒண்ணும் சொல்லல. பச்சைதான் எரியுது. போஸ்டு விழுந்துட்டுன்னு கேள்விப்பட்டதும் செல்லத்தாயி என்னைக் கேக்காம அவ பக்கத்து ஒயரப் பிடுங்கிட்டா. கணேசன் பொண்டாட்டியும் பிடுங்கிட்டா. ராத்திரி பூரா இந்தத் தெருவுல ஒரு விளக்கு இல்லை, பாத்துக்கோ. போனுக்குச் சார்ஜு போடுங்கட்டின்னா ஒருத்தி போடல. என் போனையும் போட விடல. நான் குடுக்கேன்னு சொல்லுதேன், வேண்டாங்காளுவ!"

பின்னால் செல்லத்தாய் அக்கா தலை தெரிந்தது. அம்மாவின் போர்வையை இழுத்துக் காலை மூடிவிட்டாள்.

7

அன்று சாயங்காலம் இங்கே எப்படியோ சமாளித்தோம். மறுநாள் டேவிட்டுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் தொழில்காரர், கண் விரியக் கேட்டுவிட்டு, "அந்தத் தெருவில் என்ன ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். "பரணில் ஒரு ஒயர் வைத்திருக்கிறோம்" என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். என்ன புரிந்துகொண்டாரோ.

நானும் என் பங்குக்கு ஒன்று செய்தேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சுவரேறிப் போகும் ஒயரையெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்து முறையாகப் பேனலும் பேட்டரியும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறதா என்று அண்ணனோடு கரண்ட் ஆபீஸுக்குப் போய் வந்தேன். அதே மனுஷர் அதே மாதிரி டீ வாங்கிக் கொடுத்தார். விண்ணப்பம் நகர்ந்துகொண்டிருக்கிறது. எடுக்கச் சொன்ன ஒயர், நான் விமானம் ஏறிய மறுநாள் திரும்பச் சுவரேறிவிட்டதாகத் தகவல். இங்கே என் பக்கத்து வீட்டுக்காரி பெயர் மார்கரெட். போன மாதம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

இன்றைக்குப் பேட்டரியின் பிறந்தநாள் வாழ்த்தைத் தாரணியிடம் காட்டினேன். சிரித்தாள். காதில் மாட்டியதை இரண்டு பக்கமும் கழற்றி வைத்துவிட்டு, "ஆச்சிக்குச் சொல்லலாம்" என்றாள். லீவு நாள்தான், அங்கே விடியும் வரை காத்திருந்து இரண்டு பேருமாகக் கூப்பிட்டோம்.

"ஒரு வயசா ஆயிட்டு? அப்போ தெருவுல எல்லாருக்கும் வடை சுட்டுக் குடுக்கணும்லா" என்றாள் அம்மா. உடனே குழாயோடு திரும்பிச் சுவர்ப் பக்கம், "ஏ செல்லத்தாயி, உளுந்து நனையப் போடு" என்று ஒரு சத்தம் கொடுத்தாள். அந்தச் சத்தத்துக்கு வேண்டிய மூச்சு அவளிடம் இருந்தது.

அங்கே மத்தியானம் ஆனபோது நான் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டேன். ஊரில் கரண்ட் இல்லை. ஆனிக் காற்று எங்கேயோ கிளையை ஒடித்திருக்கும். கோடு நேராகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு பக்கத்து வீட்டு கிரைண்டருக்குச் சட்டென்று எழும்பியது. அதே நேரம் அம்மாவின் அழைப்பும் வந்தது.

"ஏட்டி, உன் போன்ல தெரியுதா?"

"தெரியுதும்மா."

"ஒண்ணும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்போ இன்னொரு ஈடு ஆட்டச் சொல்லுதேன்."